பாய் எண்ணிக் கட்டிய பங்களா

எங்கள் பங்களாவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தவறாமல் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். முன்பக்கம் ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது, பெங்களூர்ப் பங்களாக்களில் இருக்கிற மாதிரி மரவேலை ஒன்றும் வைக்கவில்லையா என்று. என் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவேன். அந்த முகப்பு வராமல் போனதற்குக் காரணம் நான்தான். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இனிமேலும் படப்போவதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்தேன். அப்போது இருந்தது மண்சுவர் வைத்த பழைய வீடு. வாசல் தாண்டினால் முன்பாதி மாடுகளுக்கு, பின்பாதி மனிதர்களுக்கு. மாட்டுக்கு இருந்த இடத்தில் கொஞ்சம் காற்றாவது வரும். வீட்டில் மாடுகளோடு கன்னடம், கூலி ஆட்களோடு தெலுங்கு, எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். நான் எந்த மொழியில் திட்டு வாங்குகிறேன் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

வீட்டுக்குப் பெரியவர் என் மாமனார். மாமியார் நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். இளையவரான என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா, சைக்கிளில் போய் வருவார். இரண்டு பேருக்கும் மூத்தவர் அக்கா. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். தாய் இல்லாத வீட்டில் தம்பிகளை வளர்த்தது அவர்தான். அடுப்பு, தயிர்க்கலயம், விதைத் தானியம், பிள்ளைகளின் காய்ச்சல், மாட்டின் கழிச்சல் என்று எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. நாத்தனார் என்றால் என்னவெல்லாம் செய்வார்கள் என்று எங்கள் ஊரில் பயமுறுத்தித்தான் என்னை அனுப்பினார்கள். நான் அவரையும் மற்றவர்களைப் போல அக்கா என்றே கூப்பிட்டேன்.

வந்த மறுவருஷம் எனக்கு ஏழாம் மாசத்திலேயே வலி எடுத்துவிட்டது. பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகக்கூட நேரமில்லை. மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அந்த இருட்டு மூலையில்தான் எல்லாம் நடந்தது. குழந்தை தங்கவில்லை. அதற்கப்புறம் நான் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், யார் முகமும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். அக்கா ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. ராகிக் கூழை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்வார், நான் வாய் திறக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். எரிந்து விழுந்திருக்கிறேன், கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கிறேன். மறுபடியும் கூழோடு வருவார். எப்போது கண்ணைத் திறந்தாலும் என் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு நான் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

பங்களா ஆசை முதலில் வந்தது என் வீட்டுக்காரருக்குத்தான். ஆபீஸ் வேலையாகப் பெங்களூருக்குப் போய் வந்தவர், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பங்களாக்களைப் பார்த்துவிட்டுச் சொக்கிப் போய்த் திரும்பினார். வாசலுக்கு மேலே கூம்பாக எழும்பி, சன்னமான மரச்சட்டங்களை வரிவரியாகத் தைத்திருப்பார்களே, அந்த முகப்புதான் அவரை மயக்கியது. அதற்கு இங்கிலீஷில் குரங்கை வைத்து ஏதோ ஒரு பெயர் உண்டாம். சாப்பிடும்போது அதே பேச்சு, படுக்கும்போது அதே பேச்சு. ஒரு டிராயிங்காரரிடம் நீலத்தாளில் படமும் வரைந்து வாங்கிவந்துவிட்டார். என் ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, அதைப் பார்த்துவிட்டு இது என்ன, சேலைக் கரைக்கு மாதிரியா என்று கேட்டாள்.

ஆச்சரியம், மாமனார் அதற்குச் சம்மதித்தார். ஆனால் கணக்கு அவர் வழியில்தான் போடவேண்டும். ரூபாயில் கணக்குப் போடுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டின் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு விளைச்சலின் தலையில் கட்டுவார். கல் நம்முடைய பாறையில் இருக்கிறது. உடைப்பவனுக்கும் கட்டுபவனுக்கும் கூலி, குழியில் போட்டு மூடிவைத்திருக்கிற ராகி. ஓட்டுக்குப் புளியந்தோப்பு. சுண்ணாம்புக்கு இரண்டு எருமைக் கிடாரிகள். கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றுக்கும் மேல்தோப்பு மாங்காய்க் குத்தகை. கண்ணாடி ஜன்னலுக்கு என் ஓரகத்தி வளர்த்த ஆடுகள். முகப்பு மரவேலைக்குக் கிணற்றடி மாமரங்கள். யாராவது புதிதாக ஒன்றைக் கேட்டால் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான், அது எந்த மரத்திலிருந்து வரும் என்பது. பதில் இல்லாவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடன் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது.

எத்தனை அறை என்பதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். நீலத்தாளில் இருந்த ஹால், ஆபீஸ் ரூம், விருந்தாளி ரூம் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “முழிச்சிருக்கறவனுக்கு என்னாத்துக்கு வூடு? காடு இருக்குது, களம் இருக்குது. வூடு தூங்கறதுக்கு” என்றார். அதனால் ஒரு வாரம் போல விடிந்தும் விடியாமலும் எழுந்து, யார் எங்கே பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எண்ணினார். மூத்த மகன் குடும்பத்துக்கு இத்தனை பாய், இளையவனுக்கு இத்தனை, இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு இத்தனை, வந்துபோகிற உறவுக்கு இத்தனை. பிறக்காத பிள்ளைக்குக்கூட இடம் ஒதுக்கிய மனிதர் என்று எனக்கு அவர்மேல் அப்போது மரியாதைதான் வந்தது.

அந்த வருஷம் ராகி அடித்து முடித்துக் களம் காலியானதும் மேஸ்திரியை வரவழைத்தார். நீலத்தாள் எனக்குப் புரியாது, வீட்டைத் தரையில் போட்டுக் காட்டு என்றார். களம் சாணி மெழுகிச் சுத்தமாக இருந்தது. மேஸ்திரி முளை அடித்து, கயிறு கட்டி, அடுப்புச் சாம்பலால் வீடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே கோடு போட்டார். வாசல் வருகிற இடத்தில் கோடு போடாமல் விட்டார். சுவர் வருகிற இடத்தில் யாராவது தாண்டிப் போனால் தெலுங்கில் சத்தம் போட்டார், எல்லாரும் வாசல் வழியாகத்தான் போகவேண்டும் என்று. என் ஓரகத்தியின் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இல்லாத கதவைத் தட்டித் தட்டி உள்ளே போனார்கள்.

மாமனார் அதோடு விடவில்லை. எல்லாரும் அவரவர் பாயை எடுத்துவந்து அவரவர் அறையில் விரித்துப் படுத்துப் பார்க்கவேண்டும், கால் சுவரில் இடிக்கிறதா என்று தெரியவேண்டும் என்றார். பட்டப்பகலில் குடும்பமே களத்தில் படுத்துக் கிடந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள், எந்த விஷக் காய்ச்சலோ என்று நினைத்திருப்பார்கள். மாமனார் எதிரில் நாங்கள் மருமகள்கள் எப்படிப் படுப்பது? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தோம். அவரும் எங்களுக்காகப் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் கால் நீட்டி மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே முகப்பு எங்கே வரும் என்று விரலால் வானத்தில் வரைந்துகொண்டிருந்தார்.

அக்கா மோர்ப்பானையோடு வந்தார். மேஸ்திரி சத்தத்துக்குப் பயந்து சரியாக வாசல் வழியாகவே ஒவ்வொரு அறைக்கும் போய் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். முடித்துவிட்டுச் சமையல்கட்டின் பின்வாசல் வழியாக வெளியே போய், கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டார். பானை இடுப்பில் இருந்தது. எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. வீடு முழுக்கப் பாய் விரித்திருக்கிறது, அக்காவுடைய பாய் எங்கே?

என் வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டேன். அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “அக்கா எங்கியாச்சும் படுத்துக்கும்” என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எங்கியாச்சும் என்றால் எங்கே? அம்மை போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில். கன்று போடப்போகிற மாட்டுக்குப் பக்கத்தில். நான் நாதியில்லாமல் கிடந்தபோது என் கால்மாட்டில். அவர் பாய் ஒரு இடத்தில் ஒரு வாரம் கிடந்ததில்லை, விடிவதற்குள் அதைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பு மூட்டியிருப்பார். மாமனார் எண்ண வருகிறபோது எண்ணுவதற்கு அங்கே பாயே இருந்திருக்காது. இந்த வீட்டில் யாரும் அவரை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம். இந்தக் கோடு சுவராக எழுந்துவிட்டால் அவ்வளவுதான், தன் காலம் முழுக்க அவர் யார் கால்மாட்டிலாவதுதான் கிடக்கவேண்டும்.

ஆனால் நான் எப்படிப் பேசுவது? மருமகள் மாமனார் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் அப்போது இல்லை. ஏதாவது சொல்லவேண்டுமானால் அக்காவிடம் சொல்லி, அக்காதான் அவரிடம் சொல்வார். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? நான் எழுந்தேன். மேஸ்திரி வைத்திருந்த சாம்பல் கூடையைத் தூக்கினேன். சமையல்கட்டை ஒட்டிக் கிழக்குப் பக்கத்தில், அக்கா நின்ற இடத்தைச் சுற்றி, ஒரு அறைக்குக் கோடு இழுத்தேன். தினமும் வாசலில் கோலம் போடுகிற கை, மேஸ்திரி கயிறு கட்டிப் போட்டதைவிட நேராகவே வந்தது.

அக்கா ஒரு நொடி திகைத்துவிட்டுக் காலால் தேய்த்து அழித்தார். “பைத்தியமா ஒனக்கு? எனக்கு என்னாத்துக்கு ரூமு?”

நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி அழித்தார். என் ஓரகத்தி முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரெண்டு பேரும் பாண்டி ஆடுகிறீர்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் காட்டினார், உருட்டினார். நான் பார்க்காத மாதிரி மூன்றாவது தடவையும் போட்டேன். அக்கா காலைத் தூக்கினார். அதற்குள் இந்தக் கலவரத்தைக் கேட்டு மாமனார் புளியமரத்திலிருந்து திரும்பிவிட்டார். அக்காவின் கால் அப்படியே நின்றது.

மாமனார் மேஸ்திரியிடம் அது என்ன அறை என்று கேட்டார். மேஸ்திரி, சத்தியமாக அது நான் போட்டது இல்லை என்று தெலுங்கில் சொல்லிக் கையை விரித்தார். மாமனார் கிட்டே வந்து கோட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த சாம்பலைப் பார்த்தார்.

“இங்க யாரு பாயி?”

அவர் யாரைக் கேட்டார் என்று தெரியாது. நான்தான் பதில் சொன்னேன். கல்யாணமாகி வந்தபிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

“பாயே இல்லீங்க மாமா. அக்கா எங்க தூங்குதுன்னு நீங்க பாத்திருக்கீங்களா?”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், எந்த மொழியில் என்பதுதான் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு பானையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“எண்ணறப்போ காணலியே” என்றார். அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் மேஸ்திரியிடம், இதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்று சொல்லிவிட்டு, வாசல் வழியாகப் போகாமல் சுவர்களையெல்லாம் மிதித்துக்கொண்டு நேராகப் போய்விட்டார். மேஸ்திரி அவரை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சண்டை ஆரம்பித்துவிட்டது. நாலு சுவர், ஒரு கதவு, ஜன்னல், மேலே ஓடு. இது எந்த மரத்திலிருந்து வரும்? புளி ஓட்டுக்குப் போய்விட்டது, ஆடு கண்ணாடிக்குப் போய்விட்டது. எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து, முகப்புக்கென்று வைத்திருந்த கிணற்றடி மாமரங்களில் போய் நின்றோம். என் வீட்டுக்காரர் கிடந்து துடித்தார். ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன், இனி எந்த முகத்தோடு போவேன் என்றார். நான், இருக்கிற முகத்தோடு போங்கள் என்றேன். அதற்கப்புறம் பல நாள் என்னோடு பேச்சு இல்லை. சைக்கிள் மணியைத்தான் கோபமாக அடித்துவிட்டுப் போவார்.

அக்காவும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டாயே என்று என் ஓரகத்தியிடம் சொல்லி எனக்குக் கேட்க வைத்தார். நல்லது செய்யப்போய் வீட்டில் இரண்டு பேர் விரோதம். என் ஓரகத்தி மட்டும் யாரும் பார்க்காதபோது என் தட்டில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினாள்.

மரம் வாங்கத் தேன்கனிக்கோட்டை டிப்போவுக்குப் போகவேண்டிய நாளில், என் வீட்டுக்காரர் தானாகவே வண்டியில் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது நிலை, கதவுக்குப் பலகை, உத்தரம் எல்லாம் இருந்தன. அவற்றோடு கணக்கில் இல்லாத ஒரு கட்டிலுக்கான கால்களும் சட்டமும் இருந்தன. யாருக்கு என்று மாமனார் கேட்டதற்கு, அக்கா ரூமுக்கு என்று சொல்லிவிட்டு அவசரமாகச் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். எந்த மரத்திலிருந்து என்று மாமனார் கேட்கவே இல்லை. அது அவருடைய அடுத்த மாதச் சம்பளம் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இன்னொன்றும் செய்தார். தச்சரைப் பிடித்து, அக்காவின் ஜன்னலுக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு அந்தக் குரங்கு முகப்பு மாதிரியே சட்டம் தைக்க வைத்தார். ஊரில் யார் கண்ணிலும் படாத கிழக்குச் சுவரில் அது இன்னும் இருக்கிறது. அந்த மனிதரோடு எனக்கு எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. அந்த ஒரு முழச் சட்டத்தை நினைத்துத்தான் பலதையும் மன்னித்திருக்கிறேன்.

வீடு எழுந்தது. மாடுகள் தனிக் கொட்டகைக்குப் போயின. பால் காய்ச்சிப் புதுவீட்டுக்குக் குடிவந்தோம். அக்கா என்ன செய்தார் தெரியுமா? தன் அறைக்குள் புளி, விதை ராகி, வெங்காயம், மிளகாய் என்று அடுக்கினார். கட்டில்மேல் அவரைக்கொட்டை மூட்டை. அவர் பாய் வழக்கம்போல எங்கியாச்சும். எனக்கு வயிறு எரிந்தது. இதற்காகவா மாமனார் எதிரில் வாயைத் திறந்தேன், இதற்காகவா பேச்சு வாங்கினேன் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அக்கா அவரைக்காயை உரித்துக்கொண்டே, சும்மா கிடக்கிற ரூமில் மூட்டை இருந்தால் உனக்கென்ன என்றார்.

அப்புறம் நான் மறுபடி உண்டானேன். ஊத்தங்கரைக்கு அழைத்துப் போக என் பிறந்த வீட்டிலிருந்து வந்தார்கள். பஸ்ஸில் அலையக் கூடாது, போன தடவை மாதிரி ஆகிவிடும் என்று மருத்துவச்சி கண்டித்துச் சொன்னார். அன்று மாலை எழுந்து பார்த்தால் அக்காவின் அறையிலிருந்து மூட்டைகள் எல்லாம் வெளியே வந்திருந்தன. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் கையாலேயே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “என் ரூமு. யாரை வேணா படுக்க வைப்பேன்” என்றார். என் ரூமு என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

நாள் நெருங்குகிற வரைக்கும் அக்கா என்னை அந்தக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. மறுபடியும் கூழ், மறுபடியும் கால்மாட்டில் காவல். வலி எடுத்த அன்று அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், நகம் பதிந்து ரத்தம் வந்தது, அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. காலைச் சூரியன் புறப்படும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வந்ததும் ஊரே எழும்பும்படி வீரிட்டது. அக்கா அதைத் துடைத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, சுவரோரம் தன் பாயை விரித்தார்.

நான் கொஞ்சம் கண் அயர்ந்திருக்கவேண்டும். விழித்தபோது வெயில் அந்த ஒரு முழச் சட்டத்தின் வழியாக வரிவரியாகச் சுவரில் விழுந்திருந்தது. குழந்தை கண்ணைத் திறந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. கீழே அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்குக் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்து, மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அசையப் பயந்துகொண்டு அப்படியே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கதவு திறந்தது. பேத்தியைப் பார்க்க மாமனார் வந்திருந்தார், குளித்து, சலவை வேட்டி கட்டி. பின்னால் என் ஓரகத்தி வெந்நீர்ச் சொம்போடு நின்றாள். அவர் நிலைக்கு இந்தப் பக்கம் ஒரு காலை வைத்தவர், கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. பின்னால் வந்தவளைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எம் பொண்ணு தூங்குது” என்றார். குரல் வெளியே வந்ததா என்றே சொல்ல முடியாது. “நான் அப்புறமா வர்றேன்.”

வைத்த காலை மெல்லப் பின்னால் எடுத்தார். கதவு கிறீச்சிடாமலிருக்க இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினார். பேத்தியின் முகத்தை அவர் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல்தான் பார்த்தார்.